பாட்டியின் பைண்டுத் தொகுதிகள்

மன்னார்குடி

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் புது வீட்டில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பாட்டியின் டிரங்குப் பெட்டியில் இருக்கும், பத்திரிகைத் தொடர்கதைகளைச் சேர்த்துக் கட்டிய பைண்டுப் புத்தகங்களைப் புனேக்கு அனுப்பி வைக்கும்படி நீ கேட்டபோது எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி ஏற்பட்டது என்பதைத் தொலைபேசியில் சரியாகச் சொல்ல முடியவில்லை. வரவேற்பறையில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில் அவற்றை வைக்கப்போவதாகச் சொன்னாய். தாராளமாக வை. ஆனால் வருகிறவர்கள் பார்த்து வியப்பதற்கென்று பாட்டி அவற்றைச் சேர்க்கவில்லை. திரும்பத் திரும்பப் படிப்பதற்காகவே சேர்த்தார். ஆகவே அவை எப்படி உருவாயின, இந்த வீட்டில் எப்படிப் படிக்கப்பட்டன என்பதையெல்லாம் நீ தெரிந்துகொண்டு கதவைத் திறக்க வேண்டும் என்று விரும்பி இதை எழுதுகிறேன்.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் எல்லாப் பத்திரிகைகளையும் வாங்குவதில்லை. எங்கள் வீட்டில் ஆனந்த விகடன், எதிர் வீட்டில் கல்கி, மூலை வீட்டில் குமுதம் என்று பேசி வைத்துக்கொண்டு வாங்கி, வாரம் முழுவதும் கை மாற்றிக்கொள்வார்கள். பேப்பர்காரப் பையன் திண்ணையில் வீசிவிட்டுப் போகும் இதழை நானும் உன் மாமாவும் ஓடிப்போய் எடுத்தாலும், முதலில் படிக்கும் உரிமை பாட்டிக்குத்தான். மதியச் சாப்பாடு முடிந்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மூன்று மணிக் காபிக்கு அடுப்பு மூட்டும் வரை உள்ள அந்த ஒரு மணி நேரத்தில் தாத்தா உட்பட யாரும் அவரைக் கூப்பிட மாட்டார்கள். விடிந்தது முதல் இருட்டும் வரை பிறருக்காகவே உழைத்த ஒரு பெண்மணிக்கு, கேள்வி கேட்பாரின்றிக் கிடைத்த நேரம் அது ஒன்றுதான் என்பது எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகுதான் உறைத்தது.

மாலையில் அதே அத்தியாயத்தைப் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். அடுத்த வீட்டு அத்தைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. வெற்றிலையை மடித்துக்கொண்டே ஒரு வரி விடாமல் கேட்பார். "அவன் நிச்சயம் திரும்பி வருவான், பாரேன்" என்று கதாபாத்திரங்களுக்காக வாதாடுவார். வாரக் கடைசிக்குள் அடுத்த அத்தியாயத்தைத் தாமே கட்டி முடித்துவிடுவார். நல்ல வாசகர் என்றதும் எனக்கு இன்றும் முதலில் நினைவுக்கு வருபவர் அவர்தான்.

தெருவெல்லாம் சுற்றிவிட்டு இதழ்கள் திரும்பி வந்ததும் பாட்டி அவற்றைப் பிரிக்கத் தொடங்குவார். பக்கங்களை ஒருபோதும் கிழிக்க மாட்டார். நடுவில் உள்ள பின்னைக் கத்தி முனையால் நிமிர்த்தி, தாள்களை உருவி, மடிப்பில் கத்தியால் சீராக அறுத்து, தொடர்கதைப் பக்கங்களை மட்டும் வரிசைப்படி அடுக்கி, பழைய காலண்டர் அட்டை இரண்டுக்கு நடுவே வைத்து நூலால் கட்டிவிடுவார். கதை முற்றுப்பெற்றதும் அந்தக் கட்டு பைண்டரிடம் போகும். தனித்தனித் தாள்கள் என்பதால் மடிப்பில் ஊசி போட வழியில்லை. ஓரத்தில் துளையிட்டுக் குத்துத் தையலாகத்தான் தைப்பார்கள். அதனால்தான் அந்தப் புத்தகங்கள் முழுதாக விரியாமல், உள் ஓரத்தில் வரிக்கு ஓர் எழுத்தைத் தையல் விழுங்கிவிடுகிறது. விழுங்கிய எழுத்தை ஊகித்துப் படிக்கச் சில பக்கங்களுக்குள் கண் பழகிவிடும்; விரியட்டும் என்று முதுகை மட்டும் அழுத்திவிடாதே. முதுகுக்குக் கேலிகோ துணி, மேலட்டைக்கு வண்ண நெளிவுகள் அச்சிட்ட தாள், பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்த மைதாப் பசை என்று எல்லாவற்றையும் பாட்டி கூடவே இருந்து கவனித்து வாங்குவார்.

இந்தக் கதைகளில் பல பிற்காலத்தில் அழகான பதிப்புகளாக வந்திருக்கின்றன. நீயும் சிலவற்றை வாங்கியிருக்கிறாய். ஆனால் அவற்றில் பலவற்றில் கோபுலுவும் மணியமும் வாரா வாரம் வரைந்த படங்கள் இல்லை. கோபுலுவின் ஒரு கோட்டில் ஒரு மனிதரின் நடையும் செருக்கும் தெரிந்துவிடும். அதைப் பார்த்த பிறகு அந்தக் கதாபாத்திரத்துக்கு வேறொரு முகத்தை நான் ஏற்றதே இல்லை. அதோடு, ஒவ்வொரு தாளின் பின்புறத்திலும் கதைக்குத் தொடர்பில்லாத ஓர் உலகம் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது: அமிர்தாஞ்சன விளம்பரம், வேறு ஒரு சிறுகதையின் பிற்பாதி, தலையில்லாத ஒரு கேள்வி பதில் பகுதி. மூன்றாம் தொகுதியில் ஒரு சிறுகதை, கதாநாயகி தந்தியைப் பிரிக்கும் இடத்தில் நின்றுபோகிறது. அதில் என்ன செய்தி இருந்தது என்று நானும் உன் மாமாவும் சண்டையிட்டுக்கொண்டே வளர்ந்தோம். நீயும் படித்துவிட்டு உன் முடிவை எழுது.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இவை மலிவான பத்திரிகைத் தாள்கள். மரக்கூழிலுள்ள லிக்னின் நீக்கப்படாததால் வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பேறி, ஓரங்கள் நொறுங்கும். வெயில் நேராக விழும் சுவரில் அலமாரியை வைக்காதே. புனேயில் மழைக்காலம் ஈரமானது என்பதால், அந்த மாதங்களில் அவ்வப்போது கதவைத் திறந்து வைத்துத் தாள்களைப் புரட்டிவிடு. தினமும் கை படுகிற புத்தகத்தில் வெள்ளிப்பூச்சி எளிதில் குடியேறாது. வசம்புத் துண்டுகளைத் துணியில் முடிந்து பெட்டியில் வைத்திருக்கிறேன். கிழிந்த தாளை செல்லோடேப் போட்டு ஒட்டாதே. சில வருடங்களில் பசை பழுப்பாகித் தாளையும் கெடுத்துவிடும். மெல்லிய தாளும் மைதாக் கஞ்சியும் போதும்.

மற்ற பழக்கங்கள் உன் ரத்தத்திலேயே இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். கால் பட்டால் புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது, மளிகைப் பொட்டலத்தைப் பிரித்ததும் சர்க்கரையைக் கொட்டுவதற்கு முன் தாளில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது, பேருந்துச் சீட்டை அடையாளம் வைத்துப் பின்னொரு நாள் அது விழும்போது எந்த ஊருக்குப் போன பயணம் அது என்று யோசிப்பது, இவற்றை உனக்கு யாரும் உட்காரவைத்துக் கற்பிக்கவில்லை. சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களை அடுக்கிப் பூப் போட்டுவிட்டால் மறுநாள் வரை படிக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு உனக்கு நினைவிருக்கும். படிக்கக் கூடாது என்ற அந்த ஒரு நாளில்தான் கண் எதையாவது படிக்கத் துடிக்கும். விளம்பரப் பலகையைக்கூடப் படிக்காமல் தலையைத் திருப்பிக்கொண்டு நீ கடைக்கு நடந்ததை அப்பா இன்னும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார். விஜயதசமியன்று குளித்த ஈரத் தலையோடு முதல் பக்கத்தைப் பிரிக்கும்போது வரும் ஆனந்தத்துக்காகவே அந்தத் தடையை நான் இன்றும் கடைப்பிடிக்கிறேன்.

வீட்டில் வாங்க முடியாதவற்றையெல்லாம் எங்களுக்குத் தந்தது நூலகம். 1931-ஆம் ஆண்டிலேயே மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு சுற்றுக் கிராமங்களுக்குக் கொண்டுபோன ஊர் நம்முடையது. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் நூலகத்துக்கு வகுத்த ஐந்து விதிகளை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். அவர் முயன்று பெற்ற 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தால்தான் இன்றும் நம் வீட்டு வரி ரசீதில் நூலக வரி என்று ஓர் இனம் இருக்கிறது. நான் மனம் நிறைந்து கட்டும் வரி அது. கிளை நூலகத்தில் ஒரு புத்தகத்தை எடுத்தால் முதலில் நான் பார்ப்பது, உள்ளட்டையில் ஒட்டிய சீட்டில் உள்ள தேதி முத்திரைகளைத்தான். நெருக்கமாக விழுந்த முத்திரைகள் ஒரு காலத்தில் அந்தப் புத்தகத்துக்குப் போட்டி இருந்ததைச் சொல்லும். நெடுநாள் இடைவெளிக்குப் பிறகு என் தேதி விழும்போது, நெடுநேரம் காத்திருந்த ஒருவரைப் பார்க்கப் போனது போன்ற நிறைவு வரும். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது ரங்கநாதனின் மூன்றாம் விதி. பாட்டியின் தொகுதிகளைப் பெட்டியிலிருந்து எடுத்து உனக்கு அனுப்பும்போது அந்த விதியைத்தான் நினைத்துக்கொண்டேன்.

அலுவலகமும் பயணமும் போக நாளில் அரை மணி நேரம்கூட மிஞ்சுவதில்லை என்று நீ சொன்னது உண்மையாகத்தான் இருக்கும். பாட்டிக்கும் நேரம் மிஞ்சியதில்லை. மதியம் ஒரு மணி நேரத்தை அவர் தனக்கென்று எடுத்துக்கொண்டார், வீடும் அதற்குப் பழகிக்கொண்டது. நீயும் உனக்கு ஒத்துவரும் ஒரு நேரத்தை எடுத்துக்கொண்டு மாப்பிள்ளையிடம் சொல்லிவிடு. தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாவிட்டாலும் கதை கேட்பதில் அவருக்கு இருக்கும் ஆசையை நான் கவனித்திருக்கிறேன்; சில இரவுகளில் நீ உரக்கப் படித்து அவருக்குப் பொருள் சொல்லலாம்.

ஜனவரியில் பொங்கலுக்கு வரும்போது நேரே ஊருக்கு வராமல் முதலில் சென்னையில் இறங்கிவிடு. நந்தனத்தில் புத்தகக் காட்சி நடந்துகொண்டிருக்கும். நானும் அங்கே வந்துவிடுகிறேன். 1977-இல் அண்ணா சாலையில் ஒரு பள்ளி வளாகத்தில் சிறிய அளவில் தொடங்கியது, இன்று ஒரே நாளில் சுற்றி முடிக்க முடியாத அளவுக்கு வளர்ந்துவிட்டது. ஆகவே வேண்டிய நூல்களைப் பதிப்பக வாரியாக எழுதிக்கொண்டு வா. பத்து சதவீதத் தள்ளுபடியில் மிஞ்சுவதைப் பட்டியலில் இல்லாத ஒரு புத்தகத்துக்கு ஒதுக்கலாம். இரவு மன்னை எக்ஸ்பிரஸில் இருவரும் சேர்ந்தே ஊர் திரும்பலாம். பண்டிகை நேரத்தில் இடம் கிடைப்பது கடினம். தேதியை உடனே தெரிவித்தால் அப்பா முன்பதிவு செய்துவிடுவார்.

அன்புடன்,
அம்மா