புல் தீரும் முன்னே

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய மேய்ச்சல் நிலத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தூரத்திலிருந்து பச்சையாகத்தான் இருக்கிறது. கிட்டே போனால் புல்லுக்கு நடுவே மண் தெரிகிறது. குதிரைகள் சாணம் போட்ட இடங்களில் மட்டும் புல் உயரமாக நிற்கிறது, அங்கே அவை வாய் வைக்காது. நீ பச்சை என்று நம்புவதில் பாதி அதுதான். இன்னும் கொஞ்ச நாள் தாங்கும் என்று எழுதியிருக்கிறாய். தாங்காது அம்மா. இன்றைக்கே உலர்புல் போட ஆரம்பித்துவிடு.

புல் ஏழெட்டு சென்டிமீட்டருக்குக் கீழே போனதுமே குதிரைகளை அங்கிருந்து மாற்றிவிட வேண்டும். ஒரு மூலையை வேலி போட்டு அடைத்து, அவற்றை அங்கே வைத்துத் தீனி கொடு. மற்ற நிலம் மூச்சு விடட்டும். ஒட்ட மேய்ந்தால் புல் மறுபடி தழைக்காது என்பது ஒரு பக்கம். புல்லோடு மணலும் வாய்க்குள் போய், குடலில் தங்கி வயிற்றுவலியில் கொண்டுவிடும் என்பது இன்னொரு பக்கம். பசி முற்றினால், வழக்கமாக ஒதுக்கும் செடிகளையும் கடிக்கும். வேலியோரம் அரளியோ உண்ணிச்செடியோ இருக்கிறதா என்று ஒரு நடை போய்ப் பார்.

புல் குறைந்தால் தானியத்தைக் கூட்டலாமா என்று கேட்டிருந்தாய். கூடாது. எல்லோரும் முதலில் கை வைப்பது அதில்தான், எனக்குப் பயமும் அதில்தான். குதிரைக்கு இரைப்பை சிறியது. அதில் அமிலம் இரவு பகலாகச் சுரந்துகொண்டே இருக்கும். அதை ஆற்றும் எச்சிலோ, மெல்லும்போது மட்டும்தான் ஊறும். ஒரு கிலோ உலர்புல்லை மென்று முடிக்க ஏறக்குறைய 40 நிமிடம் ஆகும். அதே ஒரு கிலோ ஓட்ஸ் 10 நிமிடத்தில் காலி. அப்புறம் நாள் முழுக்க வெறும் வாய்தான், வயிற்றில் புண் வரும். ஒரே வேளையில் தானியம் அதிகமானால் மாவுச்சத்து செரிக்காமல் பெருங்குடலுக்கு இறங்கும். நாரைச் செரிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் அங்கேதான் இருக்கின்றன. அங்கே புளிப்பு ஏறி அவை மடிந்தால் வயிற்றுவலி வரும், குளம்பு அழற்சியும் வரும். கொள்ளோ ஓட்ஸோ கொடுப்பதானால் நார்த்தீனிக்கு மேல் கொஞ்சமாக, வேளை பிரித்துக் கொடு.

500 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 10 கிலோ உலர்புல் வேண்டும். கண்ணளவில் போடாதே, தராசில் நிறுத்துப் போடு. கட்டுக்குக் கட்டு எடை மாறும். முதல் நாளே முழுக்க மாற்றிவிடாமல், பத்துப் பதினான்கு நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு. மந்தையில் எத்தனை குதிரையோ அதைவிட ஒரு குவியல் அதிகமாகப் போடு. அப்போதுதான் விரட்டப்படுகிற சாதுவான குதிரைக்கும் போய் நிற்க ஓர் இடம் இருக்கும்.

கட்டு வாங்கும்போது வெளிப்புறத்தைப் பார்த்து ஏமாறாதே. ஒன்றைப் பிரித்து, நடுவில் கையை விட்டுப் பார். உள்ளே சூடாக இருந்தால் ஈரத்தோடு கட்டியிருக்கிறார்கள். ஒரு பிடி எடுத்து உதறு. சாம்பல் மாதிரித் தூசி பறந்து பூஞ்சை வாடை அடித்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது போனதுதான். நல்ல புல் மிருதுவாக, லேசான பச்சையோடு, மணமாக இருக்கும். வைக்கோல் கொஞ்சம் கலக்கலாம், ஆனால் அதையே முழுத் தீனியாக்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும்.

தண்ணீரை மறக்காதே. பச்சைப் புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். உலர்புல்லில் அது மிகக் குறைவு. அதனால் தொட்டி வழக்கத்தைவிடச் சீக்கிரம் காலியாகும். உப்புக்கட்டியும் பக்கத்தில் இருக்கட்டும்.

தட்டுப்பாடு வந்தால் யாராவது மாட்டுத்தீவனம் தருகிறேன் என்பார்கள். நல்ல மனதோடுதான் சொல்வார்கள். வாங்காதே. சிலவற்றில் மோனென்சின் என்ற மருந்து கலந்திருக்கும். மாட்டுக்கு அந்த அளவு ஒன்றும் செய்யாது, குதிரைக்குக் கொஞ்சம் போதும், இதயம் நின்றுவிடும். வெட்டிய புல்தரைக் குப்பையும் அப்படித்தான், குவிந்து கிடந்தால் சீக்கிரம் புளித்துவிடும்.

குளிர்கால ரோமம் இளைப்பை மறைத்துவிடும், ஆகவே வாரம் ஒருமுறை உள்ளங்கையை விலாவில் வைத்துத் தடவிப் பார். விலா கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரியக்கூடாது. கிழட்டுக் குதிரை புல்லை மென்று உருண்டையாகத் துப்பினால் பல்லைக் காட்ட மருத்துவரைக் கூப்பிடு.

உன் குதிரைகளின் எடையை நீ எழுதவில்லை. முன்னங்காலுக்குப் பின்னால் மார்பின் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரை நீளத்தையும் சென்டிமீட்டரில் அளந்து அனுப்பு. சுற்றளவை அதாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ கிடைத்துவிடும். எந்தக் குதிரைக்கு எவ்வளவு புல் என்று கணக்குப் போட்டு நான் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா