உத்தரவாதம் எது, வெறும் கடிதம் எது? நிதியமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மலேசிய நிதியமைச்சு அதிகாரிகளுக்கு வணக்கம்.

பிறையில் குடியிருந்து, வேலைக்காகப் பினாங்குப் பாலத்தைத் தாண்டிப் போகிறவன் நான். அரசாங்கத்துக்குச் சொந்தமான நிறுவனங்கள் விற்கும் கடன் பத்திரங்களைப் பற்றி எங்கள் ஆட்களிடம் பேச்செடுத்தால், "கவர்மெண்டு பேப்பர்தானே, காசு எங்கே போகும்?" என்பார்கள். அந்த நம்பிக்கை பெரிது. அதனால்தான் பத்திரத்துக்குப் பின்னால் நிற்பது யார் என்பதை நீங்கள் விளக்கமாகச் சொல்லியாக வேண்டும்.

நெடுஞ்சாலைகளையும் பினாங்குப் பாலத்தையும் நடத்தி டோல் வசூலிக்கும் பிளஸ் நிறுவனத்தையே பாருங்கள். 2012 ஜனவரியில் அது 3,060 கோடி வெள்ளிக்கு (ரிங்கிட்) சுகூக், அதாவது இஸ்லாமிய முறைக் கடன் பத்திரம், வெளியிட்டது. அதில் 1,100 கோடிக்கு மட்டும்தான் மத்திய அரசாங்கம் உத்தரவாதம் கொடுத்தது. மிச்சப் பணம் டோல் வசூலை நம்பியே இருக்கிறது. கடன் திரும்பவில்லை என்பதற்காக நெடுஞ்சாலையை யாரும் ஏலத்துக்கு விட முடியாது, அது அரசாங்கத்தின் சொத்து. கடன் கொடுத்தவருக்குப் பிடிமானம், டோல் வசூலிக்கும் உரிமைதான். அந்த டோலைக் கூட்டுவதும் குறைப்பதும் யார் கையில்? அரசாங்கத்தின் கையில். 2020 பிப்ரவரியில் டோல் 18 விழுக்காடு குறைந்து, பாலத்தில் காருக்கு 7 வெள்ளி என்பது 5.74 ஆனது. எங்களுக்கு நிம்மதிதான். ஆனால் அதை ஈடுகட்ட, 2038இல் முடிய வேண்டிய வசூல் உரிமை 2058 வரை நீண்டது. நாங்கள் கட்டும் டோலும், பிளஸில் 49 விழுக்காடு வைத்திருக்கும் எங்கள் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) சேமிப்பும் இந்தக் கணக்குக்குள்தான் இருக்கின்றன.

கோலாலம்பூர் எம்ஆர்டி ரயில் திட்டத்துக்குப் பணம் திரட்டும் அரசாங்க நிறுவனமான டானாஇன்ஃப்ராவின் விஷயம் வேறு. அதற்கு டோல் வருமானம் கிடையாது, அரசாங்க உத்தரவாதமே அதன் பலம். 2013இல் புர்சா மலேசியா பங்குச் சந்தை வழியாகச் சாதாரண மக்களும் வாங்கும்படி 30 கோடி வெள்ளிக்கு சுகூக் விட்டது. அது நேர்மையான, தெளிவான ஏற்பாடு.

என்னை உறுத்துவது மூன்றாவது வகை. அரசாங்க முதலீட்டு நிறுவனமான 1எம்டிபி 2009இல் கடனாக வாங்கிய 500 கோடி வெள்ளிக்கு முறையான உத்தரவாதம் இருந்தது. 2013இல் வாங்கிய 300 கோடி அமெரிக்க டாலருக்கோ, துணை நிற்போம் என்று அரசாங்கம் எழுதிய ஓர் ஆதரவுக் கடிதம்தான் கொடுக்கப்பட்டது. உத்தரவாதம் என்றால் 1965ஆம் ஆண்டுக் கடன் உத்தரவாதச் சட்டத்தின்படி கொடுக்க வேண்டும், கணக்கிலும் அப்படியே ஏறும். கடிதத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனாலும் 2023 மார்ச்சில் அசல் தீரும்வரை சுமை நாட்டின் தலையில்தான் இருந்தது. கையெழுத்துப் போட்ட அன்று நாடாளுமன்றத்தில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

சரி, நான் கேட்பது இதுதான். பொது நிறுவனம் வெளியிடும் ஒவ்வொரு பத்திரத்தின் முதல் பக்கத்திலும், அதற்குப் பாதுகாப்பு உத்தரவாதமா, வருமானத்தின் மீதான உரிமையா, வெறும் கடிதமா என்பதை மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் நான்கிலும் எழுதுங்கள். அப்புறம், பட்ஜெட்டோடு வெளியிடும் நிதி அறிக்கையில் உத்தரவாதங்களைக் காட்டுகிறீர்கள் அல்லவா? அதே பக்கத்தில், அரசாங்கம் கொடுத்திருக்கும் ஆதரவுக் கடிதங்கள் அத்தனையையும் தொகையோடு சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
பிறைவாசி ஒருவர்