அழைப்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வாகனம் ஓட்டும்போது கைத்தொலைபேசி பாவிப்பதால் நேரும் விபத்துகளைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் சாரதியையே குற்றம் சொல்கிறோம். அந்த நேரத்தில் சாரதியை அழைத்தவர் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. அப்படி அழைத்தவர்களில் ஒருத்தியாகவே இதனை எழுதுகிறேன்.

கடந்த ஆண்டு ஒரு மாலைப்பொழுதில், வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்த என் மகனை, வரும் வழியில் பாண் வாங்கி வரச் சொல்வதற்காக அழைத்தேன். அவன் நிறுத்தவில்லை, தொலைபேசியைத் தலைக்கவசத்துக்கும் காதுக்கும் இடையில் செருகிக்கொண்டு, "சொல்லுங்கோ அம்மா" என்றான். நான் சொல்லி முடிப்பதற்குள் பெரிய சத்தம் ஒன்று கேட்டது, அதன் பிறகு அவன் குரல் வரவில்லை. புளியங்குளத்துக்கும் கனகராயன்குளத்துக்கும் இடையில், இருட்டத் தொடங்கிய நேரத்தில், வீதியில் படுத்திருந்த கட்டாக்காலி மாடு ஒன்றின்மீது மோதி விழுந்திருந்தான். பின்னால் வந்த லொறிச் சாரதி இறங்கி 1990 இலக்கத்துக்கு அழைத்து நோயாளர் காவு வண்டியை வரவழைத்தார். தொடை எலும்பு முறிந்த மகனால் எட்டு மாதங்கள் வேலைக்குப் போக முடியவில்லை. உயிரோடு இருக்கிறான் என்பதே எனக்குப் பெரிது.

மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு செக்கனில் ஏறக்குறைய 17 மீற்றர் தூரத்தைக் கடக்கிறது. திரையில் யாருடைய பெயர் என்று ஐந்து செக்கன் குனிந்து பார்த்தால், 80 மீற்றருக்கு மேல் வீதியைப் பாராமலே ஓடியிருப்போம். எங்கள் ஏ-9 வீதியில் அந்தத் தூரத்துக்குள் மாடு குறுக்கிடலாம், வெளிச்சமில்லாத உழவு இயந்திரம் நிற்கலாம், அறுவடைக் காலமென்றால் வீதியோரத்தில் நெல் காயப்போட்டிருக்கலாம், பாடசாலை விட்டுப் பிள்ளைகள் சைக்கிளில் வரிசையாக வரலாம். நேராகவும் வழுவழுப்பாகவும் கிடக்கும் வீதிதான் சாரதிக்கு ஆபத்தில்லை என்ற எண்ணத்தைத் தருகிறது.

கையில் பிடிக்காமல் காதுக்கருவி வழியாகப் பேசினால் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். வாகனம் ஓட்டும்போது தொலைபேசி பாவிப்பவர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு சுமார் நான்கு மடங்கு அதிகம் என்று கூறும் உலக சுகாதார நிறுவனம், காதுக்கருவியாலும் அந்த ஆபத்து பெரிதாகக் குறைவதில்லை என்றே சொல்கிறது. கை விடுபட்டாலும் கவனம் பேச்சிலேயே இருக்கிறது.

வன்னியில் ஓடியபடியே தொலைபேசியை எடுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டென்று நினைக்கிறேன். உறவுகளின் ஒரு செய்திக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் நாங்கள். 2009இல் போர் முடிந்த பிறகும், காணாமற்போன பிள்ளையைப் பற்றி ஏதாவது தகவல் வராதா என்று ஏங்கும் தாய்மார் இன்றும் இங்கே இருக்கிறார்கள். கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ அழைப்பு வந்தால் அதை விட்டுவிட எங்களுக்கு மனம் வருவதில்லை. மணி ஒலித்தால் எடுத்தே ஆகவேண்டும் என்ற இந்தப் பழக்கத்தைத் தண்டப்பணத்தால் மட்டும் மாற்ற முடியாது. பொலிஸார் நிற்கும் இடம் தாண்டியதும் தொலைபேசி மறுபடியும் காதுக்குப் போய்விடுகிறது.

ஆகவே மாற்றம் அழைக்கும் பக்கத்திலிருந்தும் தொடங்க வேண்டும். மறுமுனையில் காற்றிரைச்சலோ இயந்திரச் சத்தமோ கேட்டால், "ஓடிக்கொண்டா இருக்கிறாய்? நிறுத்திவிட்டு எடு" என்று சொல்லி உடனே துண்டிக்க வேண்டும், அவர் பேச விரும்பினாலும் நாம் பேசக்கூடாது. கடன் வசூலுக்கும் வெளிக்களப் பணிக்கும் இளைஞர்களை மோட்டார் சைக்கிளில் அனுப்பும் நிறுவனங்கள், அவர்கள் வீதியில் இருக்கும் நேரத்தில் "எங்கே நிற்கிறாய்" என்று மாறி மாறி அழைப்பதை நிறுத்த வேண்டும். உடனே பதில் சொல்லாதவரை வேலையில் அக்கறையற்றவராகக் கருதும் மேலாளர்தான் அந்த இளைஞரை ஓடியபடியே பேச வைக்கிறார். புறப்படும்போது தொலைபேசியைச் சத்தமில்லாமல் ஆக்கி இருக்கைக்கு அடியில் வைத்துப் பூட்டிவிடலாம். வாகனத்தில் செல்லும்போது வரும் அழைப்புகளைத் தடுத்துத் தானாகவே குறுஞ்செய்தி அனுப்பும் வசதியும் இன்று பல தொலைபேசிகளில் இருக்கிறது.

பேருந்துகளில் சாரதியின் தொலைபேசி நடத்துநரிடம் இருக்க வேண்டும் என்பதைத் தனியார் பேருந்து உரிமையாளர்களும் இலங்கைப் போக்குவரத்துச் சபையும் கட்டாயமாக்க வேண்டும். பின்னால் வரும் பேருந்து எங்கே நிற்கிறது என்று சாரதியே பேசி அறியும் வழக்கம் ஐம்பது பயணிகளின் உயிரோடு தொடர்புடையது. அவசரமான அழைப்பென்றால், எப்படியும் வண்டி நிற்கும் முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் பேசிக்கொள்ளலாம்.

என் மகன் இப்போது மீண்டும் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறான். அவன் வீட்டு வாசலில் வந்து இறங்கும்வரை நான் அவனை அழைப்பதில்லை. பாண் வாங்க வேண்டுமென்றால் காலையிலேயே சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கிளிநொச்சி.