கை கட்டி நிற்க வைத்துப் பாட்டு சொல்லித் தராதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சின்னக் குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லித் தருவது பற்றிச் சென்ற வாரம் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்த வயதில் எத்தனை பாட்டு மனப்பாடம் ஆக வேண்டும் என்பதோடு அது நின்றுவிட்டது. அங்கன்வாடியில் பல ஆண்டுகள் பிள்ளைகளோடு இருந்தவள் என்பதால் ஒன்றைச் சொல்ல ஆசைப்படுகிறேன். இரண்டு, மூன்று வயதில் பாட்டு முதலில் உடம்பில்தான் ஏறும். வாய்க்கு அப்புறம்தான் வரும்.

நண்டூருது, நரியூருது விளையாட்டையே பாருங்கள். பிள்ளையின் உள்ளங்கையை விரித்துப் பருப்பு கடைகிறோம். இது அம்மாவுக்கு, இது அப்பாவுக்கு, இது பாட்டிக்கு என்று ஒவ்வொரு விரலாக மடக்குகிறோம். பிறகு நண்டு மணிக்கட்டிலிருந்து மெல்ல மேலே ஊர்ந்துபோய்க் கக்கத்தில் கிச்சுகிச்சு மூட்டுகிறது. சில முறை விளையாடிய பிறகு கவனியுங்கள். நண்டு முழங்கையைத் தொடும்போதே பிள்ளை தோளைக் குறுக்கிக்கொண்டு சிரிக்கும். அடுத்து என்ன வரும் என்று அதற்குத் தெரிந்துவிட்டது! முடிந்ததும் கையைத் திரும்ப நீட்டும். விரலுக்கு ஒருவராக எண்ணுவதும், ஒன்றன்பின் ஒன்றாக வரும் வரிசையும், பொறுத்திருப்பதும் அந்த ஒரு விளையாட்டுக்குள் இருக்கின்றன. இத்தனைக்கும் பிள்ளைக்குப் பேச்சே சரியாக வந்திருக்காது.

சாய்ந்தாடம்மா என்பது உட்காரப் பழகும் குழந்தைக்கு. கை வீசம்மா கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்கு. நம் முன்னோர் இதில் கெட்டிக்காரர்கள். தெய்வத்தையோ பெரியவரையோ குழந்தையாக வைத்துப் பாடும் பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதத்துக்குத் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, ஒன்பதாம் மாதத்துக்குக் கை கொட்டும் சப்பாணி என்று பருவம் வகுத்தது குழந்தையின் அசைவைக் கண்ணால் பார்த்துத்தானே?

இப்போது பல வீடுகளில் போன்தான் பாடுகிறது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயதில் ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, நாளுக்கு 180 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லிவிட்டது. எனக்கு அதைவிடப் பெரிய குறையாகத் தெரிவது வேகம். பிள்ளை கையைத் தூக்குவதற்குள் போனில் ஓடும் பாட்டு அடுத்த அடிக்குப் போய்விடுகிறது. நாம் பாடினால் அதற்காக நிறுத்தலாம். அடியின் கடைசிச் சொல்லைச் சொல்லாமல் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தால், அந்த ஒரு சொல்லைப் பிள்ளை சொல்லும். குரல் நன்றாக இல்லை என்று அம்மாக்கள் கூச்சப்பட வேண்டாம். அந்த வயதில் சுருதியை யாரும் கேட்பதில்லை.

தாளத்துக்கு இரண்டு கொட்டாங்குச்சி போதும். பாட்டு நின்றதும் சிலையாக நிற்க வேண்டும் என்று ஒரு விளையாட்டு வைப்போம். துறுதுறுவென்று ஓடும் பிள்ளைகள்தாம் அதில் அதிகம் கற்றுக்கொள்வார்கள், ஓடுகிற உடம்பைத் தானே நிறுத்தப் பழகுவதால்.

இதெல்லாம் தெரிந்திருந்தும், ஒரு மழலையர் பள்ளி ஆண்டு விழாவில் மூன்று வயதுப் பிள்ளைகளை வரிசையாகக் கை கட்டி நிற்க வைத்து ஒப்பிக்கச் சொன்னதைப் பார்த்தேன். தாளத்துக்கு இடுப்பை அசைத்த ஒரு சிறுமியை மேடை ஓரத்திலிருந்து ஆசிரியை கண்ணாலேயே அதட்டினார். குழந்தை உறைந்துபோய் அடுத்த அடியை மறந்துவிட்டது. மனசு ஆறவில்லை. அசைவு நின்றால் அந்த வயதில் சொல்லும் நின்றுவிடும் என்பதைப் பள்ளிகள் புரிந்துகொள்ள வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். சிறுவர் பக்கத்தில் பாட்டு வெளியிடும்போது, அதை எப்படி ஆடுவது, கை எங்கே போக வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று கீழே இரண்டு வரி சேருங்கள். ஒரே பாட்டை ஊருக்கு ஒரு விதமாக ஆடுகிறார்கள். தங்கள் ஊர் வழக்கத்தை எழுதி அனுப்பும்படி வயதான வாசகர்களைக் கேளுங்கள். தென்காசிப் பக்கத்து விளையாட்டுகளை நானே எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
தென்காசி.