ஆளில்லாத பைகள்: அபராதமும் வேண்டும், பை வைக்க இடமும் வேண்டும்

அனுப்புநர்
அரக்கோணம் – சென்னை சீசன் டிக்கெட் பயணி

பெறுநர்
கோட்ட ரயில்வே மேலாளர் அவர்கள்,
தெற்கு ரயில்வே, சென்னைக் கோட்டம்,
சென்னை.

பொருள்: சென்ட்ரல் ரயில் நிலையத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும் பைகளுக்கு அபராதம் விதிப்பது, பூட்டில்லாத பைகளையும் க்ளோக் ரூமில் (பயணிகள் பைகளை ஒப்படைத்து வைக்கும் அறை) ஏற்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா / அம்மா,

வணக்கம். நடைமேடையில் பையைப் போட்டுவிட்டுக் கிளம்பிப் போகிறவர்களிடம் அபராதம் வசூலிக்க வேண்டும் என்று கேட்டு இந்த மனுவை எழுதுகிறேன். ஆனால் பையை நம்பி வைக்க ஓர் இடம் தராமல் அபராதம் மட்டும் போட்டால், அது ஏழைப் பயணிகள் தலையில்தான் விடியும்.

இந்த ஊருக்கு இது வெறும் பயம் இல்லை. 1984 ஆகஸ்ட் 2 இரவு மீனம்பாக்கம் விமான நிலையத்தில் வெடித்தது, பயணி ஏறாமல் விட்டுப்போன பெட்டிகள்தான். தொலைபேசியில் எச்சரிக்கை வந்தும் பெட்டிகளை அப்புறப்படுத்துவதற்குள் நேரம் போய்விட்டது. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2014 மே 1 காலை இதே சென்ட்ரலின் 9-ஆவது நடைமேடையில் நின்ற குவஹாத்தி ரயிலில் குண்டுகள் வெடித்து ஓர் இளம்பெண் உயிரிழந்தார், 14 பேர் காயமடைந்தார்கள்.

இருந்தும் இன்று நடப்பது என்ன? தூணோரம் ஒரு ரெக்சின் பை கிடக்கும். பக்கத்தில் இருப்பவர் எழுந்து நாலடி தள்ளி நிற்பார். இன்னொருவர் செருப்புக் காலால் நகர்த்திப் பார்ப்பார். “யாரோடதுங்க இது?” என்று ஒரு குரல் கேட்கும். அதற்குள் ரயில் வந்துவிடும், எல்லோரும் ஏறிவிடுவார்கள். ரயில்வே உதவி எண்ணான 139-ஐ அழைக்கலாம் என்று தெரிந்தவர்கள்கூட, பெயர், விலாசம், சாட்சி என்று அலைய வேண்டிவருமோ என்று தயங்குகிறார்கள். தகவல் சொல்பவர் ரயிலைத் தவறவிடாமல் உடனே அனுப்பப்படுவார் என்று அறிவிப்புப் பலகையிலேயே எழுதி வையுங்கள்.

அபராதத்துக்கு வருகிறேன். 2017-இல் சிங்கப்பூரின் ஹவ்காங் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தில் பையை வைத்துவிட்டு வேறு வேலையாகப் போனவருக்கு நீதிமன்றம் 1,000 சிங்கப்பூர் டாலர் அபராதம் விதித்தது. நம் நாட்டில் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 292-ஆவது பிரிவில் பொதுத் தொல்லைக்கு 1,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. பையை அலட்சியமாக விட்டுப்போய் நடைமேடையையே காலிசெய்ய வைப்பவர்மீது அந்தப் பிரிவைப் பயன்படுத்த முடியுமா என்று ரயில்வே காவல்துறையுடன் கலந்து பேசி அறிவிக்க வேண்டுகிறேன். மறந்துபோய்ப் பத்து நிமிடத்தில் திரும்பி ஓடிவருபவரை முதல் முறை எச்சரித்து அனுப்பினால் போதும்.

இனி, என் முக்கியமான கோரிக்கை. க்ளோக் ரூமில் பூட்டிய பெட்டிகளை மட்டும்தான் ஏற்கிறார்கள். துணிக்கடைக் கட்டைப்பைக்கு யார் பூட்டுப் போடுவது? வடமாநிலத் தொழிலாளர்கள் சாக்குமூட்டையோடும், பெயின்ட் வாளியில் அடைத்த துணிமணிகளோடும் வருகிறார்கள். கைக்குழந்தையோடு தனியாக வரும் பெண் கழிவறைக்குப் போக வேண்டுமானால் பையை யாரிடம் கொடுப்பார்? முன்பின் தெரியாதவரிடம் “கொஞ்சம் பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார். அவர் பார்த்துக்கொள்ளச் சொன்ன ஆள் ரயிலேறிப் போய்விட்டால், அந்தப் பை அனாதைப் பை ஆகிவிடுகிறது. அந்தப் பெண்ணிடம் அபராதம் கேட்பது நியாயமே இல்லை.

ஆகவே, பூட்டில்லாத பைகளை ஸ்கேனரில் சோதித்து, வாயைக் கட்டி பிளாஸ்டிக் சீல் போட்டு ஏற்க ஏற்பாடு செய்ய வேண்டும். கழிவறைகளுக்கு அருகிலேயே அரைமணி நேரம் பை வைக்க ஆளோடு ஒரு கவுண்டர் வேண்டும். கட்டணம் ஐந்து, பத்து ரூபாய்க்குள் இருக்கட்டும். இவற்றைப் பற்றிய அறிவிப்பு தமிழ், ஆங்கிலம், இந்தியோடு தெலுங்கு, வங்காளம், ஒடியாவிலும் ஒலிக்க வேண்டும். அபராதம் வசூலிப்பதை இதெல்லாம் நடைமுறைக்கு வந்த பிறகே தொடங்க வேண்டும்.

தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டவற்றை உடனே செய்து, மற்றவற்றைப் பொது மேலாளரின் பார்வைக்கு அனுப்பி, எடுத்த நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அரக்கோணம் பயணி