ஜிடியைத் தள்ளிவைக்கும் அதிகாரம் யாருக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஜப்பானிய சாகசத் தொடரான டிராகன் பால் பற்றி வெளிவந்த சிறப்புக் கட்டுரையை ஆவலுடன் படித்தேன். கதாபாத்திரங்களின் பெயர்களைப் பிழையில்லாமல் அச்சிட்டதற்கே தனியாக நன்றி சொல்ல வேண்டிய நிலையில்தான் தங்கள் இதழின் அனிமே (ஜப்பானிய அசைபடம்) வாசகர்கள் இருக்கிறோம். ஆகவே அந்த நன்றியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் கட்டுரையின் ஓரத்தில் 'எந்த வரிசையில் பார்ப்பது?' என்று கட்டம் கட்டிப் போட்டிருந்த பட்டியலுக்குக் கீழே, "ஜிடி தொடர் கேனன் ஆகாது, பார்த்தவர்கள் பார்த்ததை மறந்துவிடலாம்" என்றொரு வரி இருந்தது. ஜிடி என்பது டிராகன் பாலின் தொடர்ச்சியாக வந்த தொலைக்காட்சித் தொடர்; கேனன் என்றால் கதையின் அதிகாரபூர்வமான பகுதி. அந்த வரியை எழுதியவர் பெயர் எங்கும் இல்லை. தீர்ப்பு வந்துவிட்டது, நீதிபதி யாரென்றுதான் தெரியவில்லை.

தாங்கள் அறியாதது ஒன்றுமில்லை. அகிரா டோரியாமாவின் மங்கா, அதாவது மூலச் சித்திரக்கதை, வீக்லி ஷோனென் ஜம்ப் இதழில் 1984 முதல் 1995 வரை 519 அத்தியாயங்களாக வந்து முடிந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, அனிமேயைத் தயாரித்த டோயே அனிமேஷன் குழுவினர் தாங்களே கதை அமைத்துத் தொடங்கியதுதான் ஜிடி. 1996 பிப்ரவரியில் தொடங்கி 1997 நவம்பரில் 64 பகுதிகளோடு முடிந்தது. மங்காவில் அந்தக் கதை இல்லை என்பது உண்மை, அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தொடருக்குப் பெயர் வைத்தவர் டோரியாமா. முக்கியப் பாத்திரங்களுக்குத் தொடக்க உருவம் வரைந்து கொடுத்தவரும் அவரே. பிற்பாடு அதைப் பற்றி எழுதும்போது, டிராகன் பாலின் பிரம்மாண்டமான கிளைக்கதை என்றுதான் அவர் குறிப்பிட்டார். கிளைக்கதை என்பதற்காக நளன் கதையை மகாபாரதத்திலிருந்து கிழித்துப் போடச் சொன்னவரை நான் பார்த்ததில்லை. படைத்தவரே கிளையென்று சொல்லி உள்ளே வைத்ததைத் தங்கள் கட்டம் வேரோடு பிடுங்கி வெளியே எறிந்திருக்கிறது.

கேனன் என்று இன்று ரசிகர்கள் கத்தியைத் தீட்டிக்கொண்டு பேசும் கணக்குப் புத்தகம், இந்தத் தொடரில் ஒருநாளும் ஒரே கையால் எழுதப்பட்டதில்லை. 1990 அக்டோபரில் கதாநாயகன் கோக்குவின் தந்தை பார்டாக்கைப் பற்றி ஒரு தொலைக்காட்சிச் சிறப்புப் படம் வந்தது. கதை அனிமே குழுவினருடையது. இன்றைய அளவுகோலின்படி அது அன்றைக்குக் கேனன் ஆகாது. ஆனால் டோரியாமாவுக்கு அது பிடித்துப்போய், வில்லன் ஃப்ரீசாவுடன் நடக்கும் சண்டையின் நடுவே, எதிரில் நிற்கும் கோக்குவைப் பார்த்து ஃப்ரீசாவுக்குப் பழைய சையன் (கோக்கு பிறந்த போர் இனம்) ஒருவனின் முகம் நினைவுக்கு வருவதாக ஒரு காட்சி வைத்தார். தழும்பு விழுந்த கன்னமும் நெற்றிப் பட்டையுமாக பார்டாக் அப்படித்தான் மங்காவுக்குள் நுழைந்தார். வெளியார் எழுதிய பாத்திரம் ஒரே நாளில் வீட்டு ஆளாகிவிட்டது. அன்றைக்கும் யாராவது கட்டம் கட்டி "பார்த்ததை மறந்துவிடலாம்" என்று எழுதியிருந்தால், அவர் தம் கட்டத்தைத்தான் மறக்க வேண்டி வந்திருக்கும்.

கதை அதோடும் நிற்கவில்லை. 2014இல் டோரியாமா 'டிராகன் பால் மைனஸ்' என்ற சிறு அத்தியாயத்தை வரைந்தார். கோக்குவுக்கு கீனே என்ற தாய் அதில்தான் வருகிறாள். பூமியில் உள்ளவர்களை அழிப்பதற்காக அனுப்பப்பட்ட குழந்தை என்று மூல மங்காவில் அண்ணன் ராடிட்ஸ் சொன்ன கோக்கு, இங்கே வரப்போகும் அழிவிலிருந்து தப்புவதற்காகப் பெற்றோரால் அன்போடு ஏற்றி அனுப்பப்பட்ட பிள்ளையாகிவிடுகிறான். இரண்டுமே அதே மனிதர் கையால் வரையப்பட்டவை. மூலவர் எழுதியது மட்டுமே கணக்கு என்று சொல்பவர்கள், மூலவரே மூலவரோடு முரண்படும் இந்த இடத்தில் எந்தப் பக்கத்தைக் கிழிக்கப் போகிறார்கள் என்று தங்கள் கட்டுரையாளரைக் கேட்டுச் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

சண்டையில் பலம் கூடும்போது கோக்கு எடுக்கும் உருவங்களில் ஒன்றான சூப்பர் சையன் 4 பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் அதிகம் ஏச்சு வாங்கியது அதற்காகத்தான். அந்த உருவத்தை ஜிடிக்காக வடிவமைத்தவர் கட்சுயோஷி நாகட்சுரு. ஜிடி பொய் என்றால் அதுவும் பொய் என்பது இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லப்பட்டுவந்த வாதம். டோரியாமா 2024 மார்ச் 1 அன்று காலமானார். அவர் கதையில் உருவான டைமா தொடர் அதே ஆண்டு அக்டோபரில் ஒளிபரப்பாகத் தொடங்கி 2025 பிப்ரவரியில் முடிந்தது. அதன் கடைசிப் பகுதிகளில், செம்முடியும் வாலுமாக வந்து நின்ற கோக்கு தன் உருவத்துக்குச் சூப்பர் சையன் 4 என்றே பெயர் சொல்கிறான். பாத்திரங்களை வரைந்தவர் பட்டியலில் நாகட்சுருவின் பெயரும் இருக்கிறது. இதைக் கண்டு வருத்தம் தெரிவித்தவர்கள் யாராவது உண்டா? இல்லை, அடுத்த சண்டை தொடங்கிவிட்டது. டைமா நடப்பது பூ என்ற அரக்கனுடனான போருக்குப் பின், அழிவுக் கடவுள் பீரஸ் வருவதற்கு முன். அப்படியானால் 2013ஆம் ஆண்டுப் படத்தில் பீரஸ் முன்னால் கோக்கு சூப்பர் சையன் 3ஆக மட்டும் நின்று, இரண்டே தட்டில் சுருண்டு விழுந்தது ஏன்? கையிலிருந்த பெரிய ஆயுதத்தை வீட்டில் வைத்துவிட்டா போனான்? ஆகவே டைமாவையும் தள்ளிவைக்க வேண்டும் என்கிறார்கள் இப்போது. டோரியாமா எழுதினால் கேனன் என்பதுதானே இவர்களே போட்ட விதி!

இன்னும் 2015இல் டொயொடாரோ வரையத் தொடங்கிய 'டிராகன் பால் சூப்பர்' மங்காவும் அதே பெயரில் வந்த அனிமேவும் ஒரே கதைச் சுருக்கத்திலிருந்து கிளம்பி வேறு வேறு வழியில் போவதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் தங்கள் இதழில் இடம் போதாது. ஹிட் என்ற கொலையாளியுடன் மோதும்போது அனிமேயில் கோக்கு தன் நீல உருவத்தின் மேல் கையோ-கென் என்ற பலம்பெருக்கும் உத்தியை ஏற்றுகிறான், மங்காவில் ஏற்றவில்லை. அவ்வளவோடு விடுகிறேன்.

என் கோபத்துக்குக் காரணம் விவரப் பிழை மட்டுமில்லை. என் தங்கை மகனுக்குப் பன்னிரண்டு வயது. கோக்கு மறுபடி சிறுவனாகி, பேத்தி பானோடும் டிரங்க்ஸோடும் விண்கலத்தில் கிளம்பிய நாளிலிருந்து ஜிடியை அவன் என்னோடு உட்கார்ந்து பார்த்துவந்தான். பேபி என்ற வில்லன், கோக்குவின் போட்டியாளன் வெஜிட்டாவின் உடலுக்குள் புகுந்துகொண்ட இடம்வரை வந்திருந்தோம். தங்கள் இதழ் வீட்டுக்கு வந்த அன்று மாலை கையில் ரிமோட்டோடு அந்தக் கட்டத்தை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, "மாமா, இது கணக்குல இல்லையாம், எதுக்குப் பார்க்கணும்?" என்று அணைத்துவிட்டான். அந்தத் தொடரின் கடைசிப் பகுதியில், நூறாண்டுகள் கழிந்த பின் போட்டி அரங்கில் உட்கார்ந்திருக்கும் முதிய பான், எதிர்ப்பக்கக் கூட்டத்தில் தன் தாத்தாவைக் கண்டுவிட்டு எழுந்து ஓடுவாள். போய்ச் சேர்வதற்குள் அவர் இருக்கமாட்டார். இருபது ஆண்டுகளாக எனக்கு மறக்காத காட்சி அது. அதை மறந்துவிடும்படி எனக்கு ஆணையிடும் உரிமை எந்த இதழுக்கும் இல்லை. அந்தப் பையன் அதைப் பார்க்காமலேயே விடும்படி செய்யும் உரிமை அதைவிடவும் இல்லை.

தங்கள் இதழ் இப்படி நடந்துகொள்வது புதிதும் இல்லை. டோரியாமா மறைந்தபோது வந்த அஞ்சலிக் குறிப்பில் வெஜிட்டாவின் படத்தைப் போட்டு 'கோக்கு' என்று எழுதியிருந்தீர்கள். மை பூசும் உதவியாளரின் வேலையைக் குறைக்கத்தான் டோரியாமா சூப்பர் சையனுக்கு வெளிர்முடி வைத்தார் என்பது தாங்கள் அறிந்ததே. அதற்காக முடி வெளுத்தவர்கள் எல்லாம் கோக்கு ஆகிவிட மாட்டார்கள். அந்தக் குறிப்பும் குழந்தைகள் பக்கத்தில், புள்ளிகளை இணைக்கும் விளையாட்டுக்குப் பக்கத்தில் வந்தது. உலகம் முழுவதும் நாற்பது வயதுக்காரர்கள் அழுத ஒரு மரணத்துக்குத் தாங்கள் அளித்த மரியாதை அது. அப்போது நான் எழுதிய கடிதம் வெளிவரவில்லை. இடப் பற்றாக்குறை என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு முறை 'ஃபில்லர்களைத் தாண்டுவது எப்படி?' என்று ஒரு பக்கம் வெளியிட்டீர்கள். வாராவாரம் வரும் மங்காவை வாராவாரம் வரும் அனிமே எட்டிப் பிடித்துவிடக் கூடாது என்பதற்காகச் சேர்க்கப்பட்ட கூடுதல் பகுதிகள்தான் ஃபில்லர்கள். பலவும் சவசவவென்று இருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பட்டியலில், மனைவி சி-சியின் நச்சரிப்பு தாங்காமல் கோக்குவும் அவனுடைய முன்னாள் எதிரி பிக்கலோவும் ஓட்டுநர் உரிமம் வாங்கப் போகும் பகுதியையும் சேர்த்திருந்தீர்கள். தலையில் தொப்பி, உடம்பில் ஊர்க்காரர்கள் போடும் சட்டை, முகத்தில் உலகத்தையே அழிக்கப் போகிறவனின் கடுகடுப்பு என்று பிக்கலோ ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கும் அந்தக் காட்சியைத் தாண்டச் சொல்பவர், ஐயா, இந்தத் தொடரை எதற்காகத்தான் பார்க்கிறார்? பவர் லெவல் கணக்குப் போடுவதற்கா?

எது மங்காவில் உள்ளது, எது டோயே சேர்த்தது, எதில் டோரியாமாவின் கை எவ்வளவு என்று வாசகர்களுக்குச் சொல்லுங்கள். அது தேவையான வேலை. நானே இத்தனை ஆண்டுகளாக அதைத்தான் செய்துவருகிறேன். சொன்னபின், பார்ப்பதா வேண்டாமா என்பதைப் பார்ப்பவரிடம் விட்டுவிடுங்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழின் 'திருத்தம்' பகுதியில், "டிராகன் பால் ஜிடி, 1996–1997, 64 பகுதிகள், கதை டோயே அனிமேஷன் குழுவினருடையது, மங்காவில் இல்லாதது" என்று ஒரு வரி போட்டு, மறந்துவிடச் சொன்ன வரியை நீக்கிக்கொள்ளுங்கள். இனி இதுபோன்ற பட்டியல்களின் கீழே எழுதியவர் பெயரையும் போடுங்கள். இடம் போதாவிட்டால் இந்தக் கடிதத்தை எவ்வளவு வேண்டுமானாலும் சுருக்கிக்கொள்ளலாம், பிக்கலோவைப் பற்றிய பகுதியைத் தவிர.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருநெல்வேலி