பாறையில் ஏறிய முற்றுகை

ஐயா, கடற்கொள்ளையை ஒடுக்க அமெரிக்கக் கடற்படை வட ஆப்பிரிக்கத் துறைமுகமான திரிப்போலியை (இன்றைய லிபியா) முற்றுகையிட்டது பற்றிய ஞாயிறு மலர்க் கட்டுரை படித்தேன். 1803 அக்டோபர் 31 அன்று அமெரிக்கப் போர்க்கப்பல் பிலடெல்பியா பாறையில் ஏறியதற்குக் அதன் கேப்டன் பெயின்பிரிட்ஜின் அவசரமே காரணம் என்று கட்டுரை முடிக்கிறது. இது நியாயமன்று. அவர் துரத்திய திரிப்போலிக் கொள்ளைக் கப்பல்கள் கரையை ஒட்டிய ஆழமற்ற நீரில் ஓடித் தப்பின. அங்கே பெரிய கப்பல் நுழைவதே ஆபத்து. துணைக்கு இருந்த ஒரே சிறு கப்பலான விக்சனை, வேறு கொள்ளைக் கப்பல்களைத் தேட அவர் முன்பே அனுப்பிவிட்டார். தவறு என்றால் அதுதான் தவறு. பீரங்கிகளைக் கடலில் தள்ளியும், முன் பாய்மரத்தை வெட்டி வீழ்த்தியும் கப்பல் மிதக்கவில்லை. கப்பலில் இருந்த 307 பேர் திரிப்போலியிடம் சிறைப்பட்டார்கள். 1805இல் 60,000 டாலர் கொடுத்த பிறகே மீண்டார்கள்.

சரக்குக் கப்பலில் வேலை பார்த்த காலத்தில், வரைபடத்தில் ஆழம் என்று குறித்திருந்த இடத்தில் ஆழமானி 14, 11, 9 என்று மளமளவென இறங்கியதை நேரில் கண்டிருக்கிறேன். எஞ்சினை நிறுத்திய பிறகும் கப்பல் நகர்ந்துகொண்டே இருந்தது, யாரும் பேசவில்லை. ஆழம் பார்க்க ஈயக்குண்டையும் கயிற்றையும் மட்டும் நம்பிப் பாய்விரித்துத் துரத்தியவரை அவசரக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கப்பல் சிக்கிய மறு ஆண்டே, 1804இல், அமெரிக்கத் தளபதி பிரெபிள், இத்தாலியின் நேப்பிள்ஸ் அரசிடம் ஆறு பீரங்கிப் படகுகளை இரவல் பெற்றுத் துறைமுகத்தைத் தாக்கினார். அந்தப் படகுகளைப் பற்றியும் ஒரு கட்டுரை வெளியிடுங்கள்; அதனுடன் திரிப்போலித் துறைமுகத்தின் ஆழம் காட்டும் வரைபடத்தையும் அச்சிட வேண்டுகிறேன்.

- ஓய்வுபெற்ற மாலுமி, தூத்துக்குடி